முதல் ஆட்டத்தில் தோற்றவரை நினைத்து நடத்துங்கள்

பெரகல சந்தியில் மூன்று பாதைகள் சந்திக்கின்றன. ஒன்று அப்புத்தளைக்கு ஏறுகிறது. ஒன்று அல்துமுல்ல வழியாகப் பலாங்கொடைப் பக்கம் இறங்குகிறது. மற்றது கொஸ்லந்தையைத் தாண்டி வெல்லவாய்க்குப் போகிறது. இந்த மூன்று பாதைகளிலும் உள்ள தோட்டங்களில் கெரம் போட் இல்லாத லயத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இப்போது நாலைந்து தோட்டத்துப் பிள்ளைகள் சேர்ந்து கெரம் கழகம் தொடங்கப்போகிறீர்கள், வருடத்துக்கு ஒரு சுற்றுப்போட்டியும் வைக்கப்போகிறீர்கள். "மாஸ்டர், எப்படி நடத்துறது, சொல்லுங்க" என்று கேட்டீர்கள். சொல்கிறேன்.

எனக்குச் சொல்ல இருப்பது ஒரே விஷயம். மற்றதெல்லாம் அதிலிருந்து வருவது. போட்டி நல்லபடியாக நடந்ததா என்று கிண்ணம் வாங்கியவரிடம் கேட்காதீர்கள். அவர் எப்போதும் நன்றாக நடந்தது என்றுதான் சொல்வார். காலையில் முதல் ஆட்டத்திலேயே தோற்றவர் அடுத்த வருடமும் பெயர் கொடுக்க வருகிறாரா? அதைப் பாருங்கள். வந்தால் உங்கள் கழகம் பிழைக்கும். வராவிட்டால் மூன்றாம் வருடம் நீங்கள் பத்துப் பேர் மட்டும் உங்களுக்குள் கிண்ணத்தை மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டிருப்பீர்கள்.

1. தோற்றவரை உடனே வீட்டுக்கு அனுப்பாதீர்கள்

தோற்றால் வெளியே என்ற முறை நடத்துகிறவர்களுக்கு லேசு. 32 பேர் வந்தால் 31 ஆட்டத்தில் எல்லாம் முடிந்துவிடும். ஆனால் முதல் சுற்று முடிந்த கையோடு 16 பேருக்கு அன்றைய வேலை முடிந்துபோகிறது. பூனாகலைப் பக்கத்திலிருந்து விடியற்காலையில் பஸ் ஏறி, பணம் கட்டி வந்தவர் இருபது நிமிடம் ஆடிவிட்டுத் திரும்பிப் போக வேண்டுமா?

நாலு நாலு பேராக எட்டுக் குழு போடுங்கள். குழுவுக்குள் எல்லோரும் எல்லோருடனும் ஆடட்டும். ஒரு குழுவுக்கு 6 ஆட்டம், எட்டுக் குழுவுக்கு 48. யாராக இருந்தாலும் மூன்று ஆட்டம் நிச்சயம். எட்டுக் குழுக்களிலும் முதலாவதாக வந்த எட்டுப் பேர் மட்டும் மத்தியானத்துக்குப் பிறகு தோற்றால் வெளியே என்ற முறையில் மோதட்டும். குழுவில் இரண்டு பேர் சமமாக நின்றால் அவர்கள் இருவருக்குள் நடந்த ஆட்டத்தில் வென்றவர் முன்னால். மூன்று பேர் சமமானால் எடுத்த புள்ளியிலிருந்து கொடுத்த புள்ளியைக் கழித்துப் பாருங்கள். இதை ஆட்டம் தொடங்குமுன் வாசித்துச் சொல்லிவிட வேண்டும்.

குழுவுக்குச் சீட்டு எடுப்பதை எல்லோர் முன்னிலையிலும் செய்யுங்கள். ஒரு சின்னப் பிள்ளையைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்லுங்கள். ஒரே தோட்டத்து இரண்டு பேர் ஒரே குழுவில் விழுந்தால் ஒருவரை அடுத்த குழுவுக்கு மாற்றுவது என்று முதலிலேயே விதி வையுங்கள். தன் லயத்து ஆளோடு ஆட அவ்வளவு தூரம் வர வேண்டியதில்லை.

எட்டு போட் கிடைத்து, கணக்குப் பார்க்கத் தெரிந்த பிள்ளைகளும் இருந்தால் அடுத்த படியாக சுவிஸ் முறையைப் பழகுங்கள். சதுரங்கக்காரர்கள் 1895இல் சூரிச் நகரில் அதைத் தொடங்கினார்கள். ஒவ்வொரு சுற்றிலும் சமமான வெற்றி உள்ளவர்களையே மோத விடுவது அதன் ஏற்பாடு. 32 பேருக்கு ஐந்து சுற்று போதும். யாரும் வெளியேறுவதில்லை. முதல் சுற்றில் தோற்றவர் இரண்டாம் சுற்றில் தோற்ற இன்னொருவரோடு ஆடுவதால், பலம் குறைந்தவருக்கும் ஒரு வெற்றியாவது பெரும்பாலும் கிடைத்துவிடும்.

2. பஸ்ஸிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்

எத்தனை மணிக்குத் தொடங்கலாம் என்று யோசிக்காதீர்கள். உள் டிவிசனுக்குப் போகும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று முதலில் கேளுங்கள். மாலை நாலு மணிக்கு மேல் பெரகலையில் பனிமூட்டம் இறங்கினால் ஆட்டோக்காரரும் தயங்குவார்.

உலக விதிப்படி ஒரு ஆட்டம் 25 புள்ளி வரை, அல்லது எட்டு முறை காய் அடுக்கி ஆடி முடியும் வரை. மூன்று ஆட்டத்தில் இரண்டை வென்றவருக்கே வெற்றி. காலைக் குழு ஆட்டங்களுக்கு இது கட்டுப்படியாகாது. ஒரே ஆட்டம், நாலு முறை காய் அடுக்குவது என்று குறையுங்கள். ஆள் மாறி உட்காருவதோடு சேர்த்து 25 நிமிடம் வையுங்கள். ஆறு போட் இருந்தால் 48 ஆட்டம் எட்டுத் தடவையில் முடியும், 200 நிமிடம். காலை எட்டரைக்குத் தொடங்கினால் பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது குழு ஆட்டம் முடிந்திருக்கும். சாப்பிட்டுவிட்டுப் பன்னிரண்டரைக்குக் காலிறுதி. இதிலிருந்து முழு விதிப்படி மூன்று ஆட்டம். ஒவ்வொன்றுக்கும் ஒன்றேகால் மணித்தியாலம். ஒன்றே முக்காலுக்கு அரையிறுதி, மூன்றுக்கு இறுதி, நாலேகாலுக்குப் பரிசு. ஐந்து மணிக்கு மண்டபத்தைக் கூட்டிப் பூட்டிவிடலாம்.

இந்த நேர அட்டவணையைப் பெரிய தாளில் எழுதி வாசலில் ஒட்டுங்கள். பஸ் பிந்தி வருபவருடைய முதல் ஆட்டத்தைக் கடைசிக்குத் தள்ளிக் கொடுங்கள். மண்டபத்துக்குள் இருந்துகொண்டே இரண்டு முறை கூப்பிட்டும் வராதவருக்கு அந்தச் சலுகை வேண்டாம். அதிதி வரும்வரை எல்லோரையும் உட்கார வைக்கும் வழக்கத்தை முதல் வருடமே ஒழித்துவிடுங்கள். அதிதி வரும்போது ஆட்டம் நடந்துகொண்டிருக்கட்டும்; அவரும் நின்று பார்ப்பார்.

3. நாளைத் தேர்ந்தெடுப்பதே பாதி வேலை

தோட்டத்தில் சம்பளம் 10ஆம் திகதியை ஒட்டி வரும். அதற்கு முந்தின வாரம் கையில் காசு இருக்காது. சம்பளத்துக்கு அடுத்த ஞாயிறு சந்தைக்குப் போகும் நாள். அதற்கும் அடுத்த ஞாயிறுதான் உங்களுக்கு.

போயா நாளும் நல்லது. மதுக்கடை பூட்டியிருக்கும்; மண்டபம் அமைதியாக இருக்கும். ஆனால் வெசாக், பொசன் போயாக்களைத் தொடாதீர்கள். பக்கத்துக் கிராமத்துச் சிங்களப் பிள்ளைகள் அன்றைக்குப் பன்சலையில் இருப்பார்கள். வெள்ளிக்கிழமை வைத்தால் அப்புத்தளை டவுன் முஸ்லிம் பிள்ளைகளுக்கு ஜும்ஆ தப்பும். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில், சாதாரண தரம், உயர் தரம் ஆகிய பரீட்சைகளின் திகதிகளைப் பாடசாலையில் கேட்டுக்கொள்ளுங்கள். தோட்டத்துத் திருவிழா நாளைக் கோயில் தலைவரிடம் கேளுங்கள்.

ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை போட்டி வைக்கவே வேண்டாம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை இந்தப் பக்கத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அந்த மாதங்களில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை எப்போதும் வரலாம். நீங்கள் போட்டிக்குக் கேட்கிற அதே மண்டபம் அன்றைக்கு இடம்பெயர்ந்த குடும்பங்களுக்குத் தேவைப்படும். வேறு மாதத்திலும் எச்சரிக்கை வந்தால் யோசிக்காமல் தள்ளிப்போடுங்கள்.

ஜூலை, ஓகஸ்ட்டில் மழை குறைவு. ஆனால் காற்று பலம். பெரகலக் காற்றில் போட் மேல் பவுடர் நிற்காது. அந்த மாதங்களில் வைத்தால் காற்றடிக்கும் பக்கத்து ஜன்னலை எல்லாம் சாத்தக்கூடிய மண்டபமாகப் பாருங்கள். என்னைக் கேட்டால் பெப்ரவரி, மார்ச்.

4. விதியை எழுதி ஒட்டுங்கள், இரண்டு மொழியிலும்

லயத்துக்கு லயம் சட்டம் வேறு. சிவப்புக்கு ஒரு இடத்தில் ஐந்து புள்ளி, ஒரு இடத்தில் மூன்று. கட்டைவிரலால் அடிக்கலாம் என்பார் ஒருவர், கூடாது என்பார் மற்றவர். சண்டை எல்லாம் இங்கேதான் பிறக்கிறது.

1988இல் சென்னையில் தொடங்கிய சர்வதேச கெரம் சம்மேளனத்தின் விதிகளையே பின்பற்றுங்கள். முக்கியமானவை இவை: முதலில் அடிப்பவருக்கு வெள்ளைக் காய். சிவப்புக்கு 3 புள்ளி. ஆனால் ஒருவருடைய கணக்கு 22ஐத் தொட்டுவிட்டால் அவருக்குச் சிவப்பின் புள்ளி சேராது. சிவப்பைப் போட்டவர் அடுத்து தன் காய் ஒன்றையும் போட்டால்தான் அது அவருடையது. ஒரு அடிக்கு 15 விநாடி. ஸ்டரைக்கர் குழியில் விழுந்தால் தண்டம்.

இவற்றை ஒரு பக்கத்துக்குள் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, பெயர் கொடுக்கும்போதே ஆளுக்கு ஒரு தாள் கொடுங்கள். சிங்களத்தில் எழுதத் தெரிந்த ஒருவரை முதலிலேயே ஏற்பாட்டுக் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒலிபெருக்கியில் பெயர் கூப்பிடுவதும் இரண்டு மொழியில் இருக்கட்டும். தன் மொழியில் பெயர் கூப்பிடப்படாத இடத்துக்கு யாரும் இரண்டாம் தடவை வருவதில்லை.

5. போட், காய், பவுடர்

ஆடும் பரப்பு ஒரு பக்கம் 74 சென்ரிமீற்றர் இருக்க வேண்டும். வெள்ளை ஒன்பது, கறுப்பு ஒன்பது, சிவப்பு ஒன்று. ஸ்டரைக்கர் 15 கிராமைத் தாண்டக் கூடாது. வீட்டிலிருந்து தன் ராசியான ஸ்டரைக்கரைக் கொண்டுவருபவர்கள் இருப்பார்கள். தடுக்காதீர்கள், நகைக்கடைத் தராசு ஒன்றை இரவல் வாங்கி வாசலிலேயே நிறுத்துப் பாருங்கள். எல்லோருடையதையும் நிறுங்கள், போன வருடத்துச் சம்பியனுடையதையும்.

போட் மட்டமாக இருக்கிறதா என்று மேசனிடம் மட்டக்கோல் வாங்கிப் பாருங்கள். விளக்கு ஒவ்வொரு போட்டுக்கும் நேர் மேலே தொங்க வேண்டும். பக்கத்திலிருந்து வெளிச்சம் விழுந்தால் காயின் நிழல் கண்ணை ஏமாற்றும். மின்வெட்டு வந்தால் என்ன செய்வது என்பதற்கும் பதில் வைத்திருங்கள்.

நமது பக்கத்து ஈரத்தில் பலகை உப்பிவிடும். ஆட்டம் முடிந்ததும் துடைத்து, சாக்கில் சுற்றி, தரையில் படாமல் செங்குத்தாக வையுங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் காய வைத்தால் வளைந்துவிடும். போரிக் பவுடர் வாய்க்குள் போகக் கூடாத சாமான். ரொட்டி சாப்பிட்ட கையோடு பிள்ளைகள் அதைத் தொட்டு விளையாடுவார்கள். மூடியுள்ள டப்பாவில் போட்டுப் பெரியவர் ஒருவர் கையில் கொடுங்கள். சாப்பாட்டு மேசையைத் தூரத்தில் போடுங்கள்.

6. நடுவர் வேலையைப் பகிர்ந்து கொடுங்கள்

ஆறு போட்டுக்கும் ஆறு நடுவரை எங்கே தேடுவது என்று பயப்பட வேண்டாம். குழுவில் நாலு பேர். இரண்டு பேர் ஆடும்போது இரண்டு பேர் சும்மா இருக்கிறார்கள். முதல் குழுவில் சும்மா இருப்பவர் இரண்டாம் குழுவுக்கு நடுவர். இரண்டாம் குழுக்காரர் மூன்றாம் குழுவுக்கு. தன் குழுவுக்குத் தானே நடுவராக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். ஆடியவர் நடுவராகவும் உட்காரும்போது விதி அவருக்குள் இறங்குகிறது. மூன்று ஆட்டமும் தோற்றவருக்குக்கூட அன்றைக்கு ஒரு பொறுப்பு இருந்திருக்கும்.

தகராறு வந்தால் தீர்க்க மூன்று பேர் போதும், மூவரும் மூன்று தோட்டத்தவர். முறைப்பாடு வந்ததும் காயைத் தொடாமல் ஆட்டத்தை நிறுத்துங்கள். இரண்டு பக்கத்தையும் கேளுங்கள், விதித்தாளைப் பாருங்கள், முடிவைச் சொல்லுங்கள். சுற்றி நிற்கும் கூட்டத்தைச் சாட்சிக்குக் கூப்பிட்டீர்களோ, யாருக்கு ஆள் அதிகமோ அவர் பக்கம்தான் தீர்ப்புப் போகும்.

7. பெண்களுக்கு மிச்ச நேரத்தைக் கொடுக்காதீர்கள்

பெண்கள் போட்டி என்று நோட்டீசில் போட்டுவிட்டு, நாலு பேர்தான் வந்தார்கள் என்று பிறகு குறை சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரைக்கு எந்தப் பெண் வர முடியும்? ஆறு நாளும் பிரட்டுக்கு ஓடியவருக்கு அன்றைக்குத்தான் துணி துவைக்கவும், விறகு பார்க்கவும், பிள்ளைக்குத் தலை வாரவும் நேரம். பெண்கள் ஆட்டத்தைப் பத்தரைக்குத் தொடங்குங்கள். அதற்கு இரண்டு போட்டைத் தனியாக ஒதுக்குங்கள். ஆண்களுடைய ஆறிலிருந்து பிடுங்காதீர்கள். பிள்ளைக் காம்பராவில் வேலை செய்யும் ஒருவரைக் கேட்டு, கைப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள மண்டபத்திலேயே ஒரு மூலையை ஏற்பாடு செய்யுங்கள். அதற்கு அவருக்குக் கூலி கொடுங்கள். தாய்–மகள், அக்கா–தங்கை என்று இரட்டையர் ஆட்டம் வைத்தால் தனியாக வரக் கூச்சப்படுபவர்களும் வருவார்கள்.

இறுதி ஆட்டம் ஆண்களுக்கு நடக்கும் அதே நடு போட்டில், அதே கூட்டத்துக்கு முன்னால் நடக்கட்டும். பரிசும் அதேதான். பெண்ணுக்கு இந்த விளையாட்டு எதற்கு என்று யாராவது கேட்டால் சொல்லுங்கள்: சென்னை வியாசர்பாடியில் வளர்ந்த இளவழகி 2008இல் பிரான்சின் கான் நகரில் உலகச் சம்பியன் ஆனார். அதே வடசென்னையில் ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா, 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கிண்ணத்தில் மூன்று தங்கம் எடுத்தபோது அவருக்கு வயது 17. இரண்டு பேரும் சாதாரண உழைப்பாளிகள் குடியிருக்கும் தெருக்களில் ஆடிப் பழகியவர்கள்.

8. நோட்டீஸ் ஒட்டினால் போதாது, லயத்துக்கு நடங்கள்

சந்திக் கடையில் ஒட்டிய நோட்டீஸ் சந்திக்கு வருபவர் கண்ணில்தான் படும். வட்ஸ்அப் குழுவில் போட்டால் உங்கள் சிநேகிதருக்குத்தான் தெரியும். மேட்டு லயத்துக்கும் தூரத்து டிவிசனுக்கும் நடந்தே போக வேண்டும்.

இரண்டு பேர், ஒரு போட், ஒரு மாலை. கொழுந்து நிறுத்து, வீட்டுக்கு வந்து, தேத்தண்ணி குடித்த பிறகு போங்கள். முதல் நாளே பேர் எழுதக் கேட்காதீர்கள். ஆடுங்கள், விதியைச் சொல்லிக் கொடுங்கள், வந்துவிடுங்கள். அடுத்த வாரம் போகும்போது போட்டை ஒரு மாதத்துக்கு அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். யார் பொறுப்பில் இருக்கிறது, எத்தனை காய், என்ன நிலை என்பதைக் கொப்பியில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பத்துக் காய் தொலைந்து எட்டுப் புது ஆட்டக்காரர் கிடைத்தால் அது லாபம்தான்.

பாடசாலைக்கு அதிபரிடம் கேட்டுப் போங்கள். படிப்பு நேரத்தைத் தொடாதீர்கள். புள்ளி எழுதும் வேலையைப் பிள்ளைகளிடமே விட்டால் கூட்டலும் கழித்தலும் தானாக வரும். பள்ளியை விட்டு நின்ற பையன்களைத் தேடிப் பிடித்துப் போட் தூக்குவதற்கும் மேசை அடுக்குவதற்கும் பொறுப்பாக வையுங்கள். அவர்களைத் திட்டி ஒதுக்குகிறவர்கள் ஏற்கெனவே நிறையப் பேர்.

9. 304 ஆடும் பெரியவர்களைக் கைவிடாதீர்கள்

கை நடுங்கும் வயதில் ஸ்டரைக்கர் பிடிக்க முடியாது. நமது பெரியவர்கள் 304 சீட்டு ஆடுவார்கள். ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2 என்று கூட்டினால் ஒரு சாதிக்கு 76, நாலு சாதிக்கு 304. ஞாபகமும் கணக்கும் சோடியின் மனதைப் படிக்கும் திறமையும் வேண்டிய ஆட்டம் அது. காசு வைத்து ஆடிக் கெட்ட பெயரை நாமே வாங்கிக் கொடுத்தோம். 1889ஆம் ஆண்டின் சூதாட்டக் கட்டளைச் சட்டம் இன்றும் பொலிஸ் கையில் இருக்கிறது என்பதையும் மறக்காதீர்கள்.

உலகத்தில் பிரிட்ஜ் என்ற சீட்டாட்டம் ஆடுகிறவர்கள் இதற்கு நல்ல வழி கண்டிருக்கிறார்கள். அவர்களுடைய கழகங்களில் பிரித்த சீட்டை அப்படியே தட்டில் செருகி மேசைக்கு மேசை அனுப்புவார்கள். ஒரே கையை எல்லா மேசையிலும் ஆடிய பிறகு, அதே சீட்டை வைத்து யார் அதிகம் எடுத்தார் என்று பார்ப்பார்கள். சீட்டு சரியில்லை என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது. காசுக்கும் வேலையில்லை. சோடிகள் மேசை மாறி மாறிக் கடைசிவரை ஆடுவார்கள். பாதியில் வெளியேற்றப்படுகிறவர் இல்லை. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு விழாவில் பிரிட்ஜில் இந்தியாவுக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்த பிரணாப் பர்தனுக்கு 60 வயது, அவருடைய சோடி சிப்நாத் சர்க்காருக்கு 56. 304க்கும் இதே ஏற்பாட்டைச் செய்யலாம். நாலு கடித உறைகளில் நாலு பேருடைய சீட்டைப் போட்டு அடுத்த மேசைக்கு அனுப்பினால் போதும். மண்டபத்தின் ஓர் ஓரத்தில் மூன்று மேசை போடுங்கள். தாத்தா வந்தால் பேரனும் வருவான்.

10. காசுக் கணக்கைச் சுவரில் ஒட்டுங்கள்

2024இல் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். உங்கள் நுழைவுக் கட்டணம் அதில் பத்தில் ஒன்றைத் தாண்டக் கூடாது. 100 ரூபாய் என்று வைத்தால் 32 பேரிடம் 3,200. பவுடர், தாள், தேத்தண்ணிக்கு அது செலவாகும். கிண்ணத்துக்கும் சாப்பாட்டுக்கும் வேறு வழி பாருங்கள். பள்ளிப் பிள்ளைகளிடம் கட்டணம் வாங்காதீர்கள்.

கடைக்காரர்களிடம் காசாகக் கேட்பதை விடப் பொருளாகக் கேளுங்கள். அரிசி ஒருவர், பருப்பு ஒருவர், மின்குமிழ் ஒருவர். கொடுத்த பொருள் கண்ணுக்குத் தெரிவதால் அடுத்த வருடமும் கொடுப்பார்கள். வாங்கியதற்கெல்லாம் பற்றுச்சீட்டு. கழகத்தின் பெயரில் வங்கிக் கணக்கு, பணம் எடுக்க இரண்டு கையெழுத்து, இருவரும் ஒரே வீட்டார் இல்லை. போட்டி முடிந்து ஒரு வாரத்துக்குள் வரவு செலவை எழுதிக் கோயில் சுவரிலும் சந்தியிலும் ஒட்டுங்கள். மிச்சம் 40 ரூபாய் என்றாலும் எழுதுங்கள். யாரும் வாசிக்கவில்லை என்று தோன்றும், எல்லோரும் வாசிப்பார்கள்.

11. பரிசைச் சிறிதாக்கி, கொப்பியைப் பெரிதாக்குங்கள்

முதல் பரிசு பெரிதாகப் பெரிதாகச் சண்டையும் பெரிதாகும். கிண்ணம் ஒன்று போதும், அதுவும் சுழற்கிண்ணம். வென்றவர் ஒரு வருடம் வைத்திருந்து திருப்பித் தர வேண்டும். கூட ஒரு புதிய போட்டை அவருடைய லயத்துக்குக் கொடுங்கள். அப்படிச் செய்தால் ஒருவர் வென்றதில் இருபது வீட்டுக்குப் பங்கு கிடைக்கிறது.

இதை விட முக்கியம் ஒரு தடித்த கொப்பி. அமெரிக்காவின் பிரிட்ஜ் சங்கம் 1937இல் உருவானது. அங்கே ஆடுகிறவருக்கு மாஸ்டர் பாயிண்ட் என்று ஒரு கணக்கு உண்டு. நன்றாக ஆடினால் புள்ளி சேரும், தோற்றால் குறையாது, ஆயுள் முழுவதும் கூடிக்கொண்டே போகும். சம்பியன் ஆகவே முடியாதவர்களும் தங்கள் கணக்கைப் பார்க்கவாவது வாராவாரம் போகிறார்கள். நீங்களும் ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். வென்ற ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு புள்ளி, நடுவராக இருந்ததற்கு அரைப் புள்ளி. 25 சேர்ந்தவருடைய பெயரைப் பரிசு மேடையில் வாசியுங்கள். பல வருடம் ஆடி 25 சேர்த்தவருக்கு விழும் கைதட்டலைக் கேளுங்கள். அது கிண்ணத்துக்கு விழுவதை விடக் குறைவாக இருக்காது.

12. கொடி, பந்தயம், போத்தல்

எந்தத் தொழிற்சங்கத்தின் கொடியும் எந்தக் கட்சியின் படமும் மண்டபத்துக்குள் வேண்டாம். தலைவர்மாரை அழைப்பதானால் எல்லாச் சங்கத்தாரையும் அழையுங்கள். இல்லாவிட்டால் ஒருவரையும் அழைக்காதீர்கள். தேர்தல் அறிவித்தபின் போட்டியே வைக்காதீர்கள்.

வெளி ஆள் இரண்டு பேர் போட் ஓரத்தில் நின்று பந்தயம் கட்டத் தொடங்கினால், ஆடுகிற பையனுக்கு அடி தப்பிய ஒவ்வொரு தடவையும் வசை விழும். முதல் தடவை சொல்லுங்கள், இரண்டாம் தடவை வெளியே அனுப்புங்கள். குடித்துவிட்டு வருபவரோடு வாசலில் வாதாடாமல், அவருடைய தோட்டத்து ஆள் ஒருவரையே விட்டு அழைத்துப் போகச் சொல்லுங்கள். நாளைக்கு அவர் முகத்தில் விழிக்க வேண்டியவர்கள் நீங்கள்.

13. கெட்டிக்காரரை உங்களிடமே வைத்துக்கொள்ளாதீர்கள்

நன்றாக ஆடும் பிள்ளை உங்கள் கிண்ணத்தை வருடா வருடம் வாங்கினால் அது அந்தப் பிள்ளைக்கும் நல்லதில்லை, மற்றவர்களுக்கும் நல்லதில்லை. பிரதேச செயலகத்தில் விளையாட்டு உத்தியோகத்தர் இருப்பார். கழகத்தைப் பதிவு செய்வதற்கும் பிரதேச, மாவட்டப் போட்டிகளுக்குப் பெயர் அனுப்புவதற்கும் அவர்தான் வழி. போட்டிக்கு முன்பே போய்ப் பாருங்கள், அழைப்பிதழை மட்டும் நீட்டிவிட்டு வராதீர்கள். பதுளைக்குப் போகும் பிள்ளையின் பஸ் காசைக் கழகம் கொடுக்கட்டும். கூட ஒரு பெரியவர் போகட்டும்.

இந்த நாட்டில் கெரம் ஆடி எங்கே போவது என்று கேட்பார்கள். 2012இல் கொழும்பில் நடந்த உலகச் சம்பியன்ஷிப்பில் ஆண்கள் ஒற்றையர் பட்டத்தை வென்றவர் நமது நாட்டு நிஷாந்த பெர்னாண்டோ. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கூடவே இதையும் சொல்லுங்கள்: கெரம் ஆடிச் சம்பாதித்து வாழ்கிறவர்கள் மிகக் குறைவு, படிப்பை விட வேண்டாம்.

14. மூன்றாம் வருடம் சாவியைக் கொடுத்துவிடுங்கள்

தலைவர், செயலாளர், பொருளாளர் யாரும் மூன்று வருடத்துக்கு மேல் ஒரே கதிரையில் இருக்கக் கூடாது என்று யாப்பிலேயே எழுதுங்கள். இரண்டாம் வருடத்திலிருந்தே ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் ஒரு இளையவர் நின்று வேலை பழகட்டும். அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும், இன்னொருவர் சந்திக்கு அப்பால் உள்ள தோட்டத்திலிருந்து வரட்டும். கொடுக்க வேண்டிய சாமான் அதிகம் இல்லை: புள்ளிக் கொப்பி, போட் எங்கெங்கே இருக்கிறது என்ற பட்டியல், வங்கிப் புத்தகம், விதித்தாள், மண்டபக்காரர், பஸ்காரர், சமையல்காரர் தொலைபேசி இலக்கங்கள், இந்த வருடம் எது சரிவரவில்லை என்று எழுதிய ஒரு பக்கம்.

கொடுத்த பிறகு அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுங்கள். கட்டணம் கட்டுங்கள், வரிசையில் நில்லுங்கள், சீட்டில் வந்த குழுவில் ஆடுங்கள். யாரும் உங்களைக் கேட்காமல் நேரத்துக்கு எல்லாம் நடந்தால், கழகத்தை ஒழுங்காகக் கட்டியிருக்கிறீர்கள்.